நோட்டில் அச்சான முகங்கள்



ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் இரண்டு ரூபாய் நோட்டு அச்சகங்களில் ஒன்று இந்த மைசூருவில் இயங்குகிறது. அதற்குரிய தாளைத் தயாரிக்கும் ஆலையும் இங்கே உண்டு. நோட்டில் யாருடைய உருவம் ஏன் இடம்பெறுகிறது என்று கேட்பதற்குப் பொருத்தமான ஊர்தான் இது.

அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த கறுப்பின ஓவியர் ஜான் ஜோன்ஸ், 1990களில் ஓர் அச்சுப்படி நிறுவனத்தில் பணியாற்றினார். உள்நாட்டுப் போர்க்காலத்துத் தென்மாநிலக் கூட்டமைப்பின் நோட்டு ஒன்றைப் பெரிதாக்கும் வேலை அவரிடம் வந்தது. பெரிதாக்கியதும், பருத்தி பறிக்கும் அடிமைகள் அதில் தெரிந்தனர். அத்தகைய நோட்டுகளைத் தேடித் திரட்டிய அவர், விரல்நுனி அளவில் இருந்த அவ்வுருவங்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டி, மூல நோட்டுகளுடன் அருகருகே காட்சிக்கு வைத்தார்.

1862ஆம் ஆண்டின் 100 டாலர் நோட்டின் நடுவில் பருத்தி வயலைக் கொத்தும் அடிமைகள். ஓரத்தில் அடிமைமுறை நன்மையே என்று வாதிட்ட கால்ஹூன். அந்த ஆட்சி எதை நம்பி நோட்டு அடித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1860இல் அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகள். போருக்கு முன் தென்மாநில வங்கிகளின் நோட்டுகளுக்கு இவ்வுருவங்களைச் செதுக்கிக் கொடுத்தவையோ பெரும்பாலும் நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் நிறுவனங்கள். அடிமைமுறை இல்லாத வடக்கும் அதில் கூலி பெற்றது!

இதைக் கடல்கடந்த கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1991ஆம் ஆண்டுத் தேதியிட்ட இலங்கையின் 100 ரூபாய் நோட்டைத் திருப்பினால், கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்கிறார்கள். மலையகத் தமிழர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். கடனும் கங்காணியும் கட்டிவைத்த கூலிகள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

கொழுந்து பறிக்கும் கைகள் நோட்டில் ஏறிய பிறகும், அவர்களில் குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியிருந்தோருக்கு அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.