வாக்கும் வாய்க்காலும்



முல்லைப் பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் நீரால், கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைகின்றது. முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம் அவ்வயல்களே. அவற்றுள் சாலையை ஒட்டியவை பல இன்று வீட்டு மனைகளாக மாறி வருகின்றன.

வீடு வேண்டாமென்று எவரும் கூறார். ஆயினும், ஒரு வயலின் வாய்க்கால் தூர்ந்தால் அதன் கீழுள்ள வயல்கள் அனைத்தும் வாடும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் பிறந்தன. ஆகவே, காவல் ஊருக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்குவதில் உள்ளாட்சி மன்றத்துக்கும் பங்குண்டு அன்றோ?

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் ஏரி வாரியம் தேர்ந்த முறையைக் கூறுகின்றது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அதற்குத் தகுதியற்றவர்.

உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் நாமும் ஒன்று கேட்போம்: "ஐயா, நம் ஊர் வாய்க்கால்கள் எத்தனை? பதவி முடியும் நாளில் அத்தனைக்கும் கணக்குக் காட்டுவீர்களா?" விடை கூற வல்லவர்க்கே நம் வாக்கு உரியது.