தோற்றவர் சூட்டிய பெயர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாவலர் பெருமானைப் பற்றியும் விவேகானந்த சுவாமிகளைப் பற்றியும் பேச்சுக் கேட்டுப் பழகிய இம்மண்டபத்தில், யப்பானிய மல்லன் ஒருவனுக்கு என்ன வேலை என்று பெரியோர்கள் எண்ணலாம். பல்லவப் பேரரசன் நரசிம்மவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் "மாமல்லன்" என்பதை நினைவூட்டி, மேலே செல்கிறேன். மல்லுக்கட்டும் கலை நமது முன்னோருக்கு இழிவாகத் தோன்றியதில்லை.

இக்காலத்துத் தம்பிமார் கைத்தொலைபேசியிற் பார்க்கும் கலப்புப் போட்டிகளைப் பெரியோர்கள் அறிவீர்கள். குத்து, உதை, பிடி, பூட்டு யாவும் கலந்த போட்டி அது. வெள்ளவத்தைக் கடற்கரை மணலிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் சிறுவர் ஒருவரையொருவர் பிடித்து விழுத்தி, "கிமுரா! கிமுரா!" என்று கூவுவதையும் கேட்டிருப்பீர்கள். அது ஒரு பூட்டின் பெயர் என்பதே அவர்கள் எண்ணம். அது ஒரு மனிதனின் பெயர். அம்மனிதனிடம் கை முறிபட்டவரின் குலத்தார் வழங்கிய பெயர். தோற்றவர் காப்பாற்றிய அப்பெயரை அவருடைய சொந்த நாட்டார் எப்படி நடத்தினர் என்பதைச் சொல்லவே வந்தேன்.

மசகிக்கோ கிமுரா 1917ஆம் ஆண்டு யப்பானின் தென்பகுதியிலுள்ள குமமோட்டோவிற் பிறந்தவர். ஆற்றிலே சரளைக்கல் அள்ளிப் பிழைத்த குடும்பம். ஓடும் நீரில் நின்று கல் வாரிய சிறுவனுக்கு இடுப்பும் காலும் இரும்பாயின. அவர் கற்றது யூடோ. பழைய யப்பானியக் கைப்போர் முறைகளிலிருந்து யிகோரோ கானோ என்னும் ஆசிரியர் வகுத்து, 1882இல் கொடோகான் என்னும் கூடத்தை நிறுவிக் கற்பித்த கலை அது. எதிரியை முதுகு நிலத்திற் படும்படி எறிந்தாலோ, எழும்பவொட்டாமல் அமுக்கினாலோ, கழுத்தை நெரித்தோ மூட்டைப் பூட்டியோ பணிய வைத்தாலோ வெற்றி.

நமக்கும் இக்கலை முற்றிலும் அந்நியமன்று. 1929இலே கவி தாகூர் யப்பானிலிருந்து தகாகாக்கி என்னும் ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்துத் தம் மாணவருக்கு யூடோ கற்பித்தார். பெண்பிள்ளைகளும் கற்றனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அவர்களுள் ஒருவர். சேலை கட்டிய வங்காளப் பெண்கள் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னே செய்ததை, நமது சகோதரிகள் இன்றும் ஏன் செய்யலாகாது என்பதை வேறொரு நாட் பேசுவோம்.

கிமுரா ரோக்கியோவில் தக்குசொக்குப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, தம்மூரவரான உசிஜிமா என்னும் கடுமையான ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் பயின்றார். 1935இல் நான்கு முறை தோற்றார். யூடோவை விட்டுவிடவும் எண்ணினார். பிறகு மற்றவர் செய்யும் பயிற்சியைப்போல் மும்மடங்கு செய்வது என்று முடிவுகட்டி, நாளுக்கு ஒன்பது மணி நேரம் உழைத்தார். மரமொன்றை எதிரியாகப் பாவித்து, அதன்மேற் காலால் வாரி வீழ்த்தும் பயிற்சியை ஓயாமற் செய்தார். 1937, 1938, 1939 ஆகிய மூன்றாண்டும் அகில யப்பான் வெற்றி; 1940இற் சக்கரவர்த்தி முன்னிலையில் நடந்த போட்டியிலும் வெற்றி. கிமுராவுக்கு முன் ஒரு கிமுரா இல்லை, பின்னும் இல்லை என்று நாட்டார் சொல்லத் தொடங்கினர். ஐந்தரை அடிக்குச் சற்றே மேற்பட்ட உயரந்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி, பதக்கம் சோறு போடுமா என்று பெரியோர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். போரிலே யப்பான் தோற்றது. நாட்டை ஆண்ட அமெரிக்கர் பாடசாலைகளில் யூடோவைத் தடுத்தனர். 1950 வரை அத்தடை நீங்கவில்லை. நாட்டின் தலைசிறந்த வீரன் கள்ளச்சந்தைக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு அலைந்தார். 1949இற் கூட்டுச் சாம்பியனாக மீண்டும் பட்டம் பெற்றார், பட்டம் அரிசியாகவில்லை. மனைவிக்குக் காசநோய். மருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1950இல் உசிஜிமா தொழில்முறை யூடோச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கிமுரா அதிற் சேர்ந்தார். சில மாதங்களில் அது கலைந்தது. பின்னர் கிமுரா ஹவாய்த் தீவுகளுக்கும், அங்கிருந்து பிறேசிலுக்கும் போனார்.

பிறேசிலில் அவருக்காகக் காத்திருந்தவர் எலியோ கிறேசி. இவர் கலையும் யூடோவிலிருந்து வந்ததே. கொடோகானிலிருந்து 1904இற் புறப்பட்டு உலகெங்கும் மல்லுக்கட்டிய மயேதா என்பவர் பிறேசிலின் பெலெம் நகரிலே குடியேறினார். அவரிடம் கற்றவர் எலியோவின் அண்ணன் கார்லோஸ். கிமுராவுடன் வந்த காட்டோ என்பவரை எலியோ ஏற்கெனவே நெரித்து மயங்கச் செய்திருந்தார். ஆகவே ஊரே எதிர்பார்த்தது.

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, றியோவின் மரக்கானா அரங்கில் இருவரும் சந்தித்தனர். எறிதலுக்குப் புள்ளியில்லை, ஒருவர் பணியவேண்டும், அல்லது மயங்கவேண்டும் என்பது விதி. கிறேசியின் ஆதரவாளர் கிமுராவுக்கென்று சவப்பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்களாம். கிமுராவின் சொல் அது. முதற் சுற்றிற் கிமுரா எலியோவைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிந்தார். இரண்டாஞ் சுற்றிலே பூட்டுப் போட்டார். எதிரியின் மணிக்கட்டை ஒரு கையாற் பற்றி, மற்றக் கையை அவன் மேற்கையைச் சுற்றிச் செலுத்தித் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொள்வது. முழங்கை மடிந்தபடியே அவன் கையை முதுகுப்புறமாகத் திருகுவது. யப்பானியத்தில் இதற்கு "கைப்பின்னல்" என்ற பொருளுடைய பெயர் உண்டு. எலியோ பணியவில்லை. கிமுரா மேலும் திருகினார். எலும்பு முறிந்த ஓசை கேட்டதென்று கிமுரா எழுதுகிறார். அப்போதும் அவர் பணியவில்லை. அண்ணன் கார்லோஸே போட்டியை நிறுத்தினார்.

அடியேன் பாதிரிமார் பாடசாலையிற் படித்தவன். தாவீது, கோலியாத்து கதையை ஆண்டுதோறும் கேட்டவன். இங்கே சிறியவர் எலியோ. வயதிலும் நான்காண்டு மூத்தவர். கவண்கல் குறிதப்பிய தாவீது அவர். ஆனால் அக்கதையிற் சொல்லப்படாத ஒன்று இங்கே நடந்தது. தோற்றவருடைய வழியினர் அப்பூட்டைத் தாமே விரும்பிக் கற்றனர். அதற்குக் "கிமுரா" என்று பெயரிட்டனர். தம்மை முறித்தவன் பெயரைத் தம் மாணவரின் நாவிலே வைத்தனர். இப்பெருந்தன்மைக்கு ஈடாக வேறொன்றை நான் விளையாட்டு உலகிற் காணவில்லை.

யப்பானிலே என்ன நடந்தது? அங்கே 1953இற் தொலைக்காட்சி வந்தது. (நம் நாட்டுக்கு வர 1979 ஆயிற்று.) தெருமுனைகளில் வைத்த பெட்டிகளின் முன் சனங்கள் திரண்டனர். அவர்கள் பார்த்தது தொழில்முறை மல்யுத்தம்; முடிவை முன்னரே பேசிக்கொண்டு ஆடும் ஆட்டம். அதன் நாயகன் ரிக்கிடோசான். கொரியாவிற் பிறந்து, சுமோ மல்லராயிருந்தவர். 1954 பெப்ருவரியில் இவரும் கிமுராவும் இணைந்து ஷார்ப் சகோதரர் என்னும் வெளிநாட்டு மல்லரை எதிர்த்தனர். அடிவாங்குவது கிமுராவின் பங்கு, வந்து காப்பது ரிக்கிடோசானின் பங்கு என்று ஆட்டம் அமைந்தது. கிமுராவுக்கு அது பொறுக்கவில்லை. மெய்யான போட்டியென்றால் நானே வெல்வேன் என்று பத்திரிகையிற் சொல்லிவிட்டார்.

அவ்வாண்டு டிசம்பர் 22ஆந் திகதி இருவரும் மோதினர். சமநிலையில் முடிப்பதாக முன்னரே உடன்பாடு என்றார் கிமுரா. கிமுரா தகாத இடத்தில் உதைத்தார் என்றார் ரிக்கிடோசான். எதுவாயினும், ஆட்டத்தின் நடுவே ரிக்கிடோசான் மெய்யாகவே அடிக்கத் தொடங்கினார். கிமுரா இரத்தஞ் சொரிய விழுந்தார். நாடு முழுவதும் பார்த்தது. பல ஆண்டுப் பயிற்சியாற் பெற்ற பெயர் ஒரு மாலையிற் போயிற்று.

ரிக்கிடோசானை மட்டும் குறைசொல்ல நான் ஒப்பேன். பொய்யாட்டத்துக்குக் கையொப்பமிட்டவர் கிமுராவுந்தான். ஆனால் அவரை அங்கே தள்ளியது எது? யூடோவின் பெரியோர்கள் காசுக்கு மல்லுக்கட்டியவரை மன்னிக்கவில்லை. முப்பது வயதளவிற் பெற்ற ஏழாந் தரத்துக்குமேல் அவருக்கு ஒரு தரமும் கொடுக்கவில்லை, இறக்கும்வரை ஏழே. கலை தூய்மையாயிருக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. அக்கொள்கையைச் சொன்னவர்கள் அவர் மனைவியின் மருந்துக்கும் ஒரு வழி சொல்லியிருக்கலாம். நம்மூரிலும் ஓடுகிற பிள்ளைக்குக் கேடயம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அவன் பிறகு கடையிற் கணக்கெழுதப் போனால் "விளையாட்டை விட்டுவிட்டான்" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு.

நிற்க. ரிக்கிடோசான் 1963 டிசம்பரிற் கத்திக்குத்துக்கு இலக்காகி ஒரு வாரத்தில் மாண்டார். அவருடைய சீடர் அன்ரோனியோ இனோக்கி 1976 டிசம்பர் 12ஆந் திகதி கராச்சிக்கு வந்து, மாமல்லர் காமாவின் தம்பி மகனான அக்ரம் பயில்வானுடன் மோதினார். அங்கேயும் ஆட்டம் மெய்யாகிவிட்டது. இனோக்கி அக்ரமின் கையைப் பூட்டி முறித்தார். எந்தப் பூட்டு என்கிறீர்கள்? அதே பூட்டுத்தான்! கிமுராவை வீழ்த்தியவரின் சீடர், கிமுராவின் பூட்டினால் நமது உபகண்டத்து மல்லரை வென்றார்.

கிமுரா தக்குசொக்குப் பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கே பயின்ற கனடியர் டக் ரொஜர்ஸ் 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மாணவர் இவத்சூரி 1971இல் அகில யப்பான் பட்டம் வென்றார். ஆசிரியராக அவர் தோற்கவில்லை.

1993 ஏப்ரல் 18ஆந் திகதி கிமுரா காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், இன்றைய கலப்புப் போட்டிகளுக்கு வழிவகுத்த முதற் பெரும் போட்டி நடந்தது. வென்றவர் எலியோவின் மகன் றொய்ஸ். அதன்பின்னரே கிறேசி குலத்தாரின் கலையும், அதனோடு கிமுராவின் பெயரும் உலகெங்கும் பரவின. ஏழு மாதம் முன்னதாகப் போய்விட்ட மனிதர் அதைக் காணவில்லை.

பாய் விரித்தாயிற்று. நண்பர் ஒருவர் தமது வலக்கையைத் தர இசைந்திருக்கிறார். அப்பூட்டை மெதுவாகச் செய்துகாட்டுகிறேன். அவர் பாயிலே தட்டியவுடன் விட்டுவிடுவேன். தம்பிமார் முன்னே வந்து இருக்கலாம். எலியோவைப்போல் தட்டாமல் இருக்க வேண்டாம் என்று நண்பரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.