முன் சக்கரம் இழுக்கவில்லையா?

(டிராக்டர் வைத்திருக்கும் உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நாற்று தயாராகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது. சேற்றுழவுக்கு டிராக்டரை வயலில் இறக்குகிறீர்கள். நடு வயலில் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுற்றுகின்றன. முன் சக்கர இயக்க லீவரைப் போடுகிறீர்கள். லீவர் விழுகிறது, ஆனால் முன் சக்கரம் இழுக்கவில்லை. அல்லது லீவரே விழ மறுக்கிறது. அப்போது பலர் லீவரைக் காலால் உதைக்கிறார்கள். சிலர் சுத்தியலால் தட்டுகிறார்கள். இன்னும் சிலர் நேரே பட்டறைக்குப் போய், பெட்டியைப் பிரித்துப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். இதனால் பணமும் போகும், பருவமும் போகும். பழுது எந்த இடத்தில் என்பதை ஒரு ஜாக்கியும் ஒரு சாக்பீசும் கொண்டு நீங்களே கண்டறியலாம். அந்த முறையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

விசை செல்லும் வழி

கியர் பெட்டியின் அடியில் அல்லது பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பட்டறையில் இதை டிராப் பாக்ஸ் என்பார்கள். லீவரைப் போட்டதும் இதற்குள் பல் வைத்த ஒரு வளையம் நகர்ந்து மற்றொரு பல்லுடன் கோத்துக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் முன் அச்சுக்குப் போகிறது. அச்சுக்குள் உள்ள டிஃபரன்ஷியல் அந்த விசையை இரு பக்கமும் பிரித்து அனுப்புகிறது. ஆக, பழுது லீவரில் இருக்கலாம், டிராப் பாக்சில் இருக்கலாம், ஷாஃப்டில் இருக்கலாம், அச்சில் இருக்கலாம்.

லீவர் விழாவிட்டால்

பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் லீவர் விழாது. இது பழுதல்ல. கிளச்சை முழுவதும் மிதித்து, வண்டியை நிறுத்தி, ஓரடி முன்னே நகர்த்தி மறுபடியும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழாவிட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து லீவரை அசைக்கட்டும். மற்றொருவர் கீழே டிராப் பாக்சின் கையைக் கவனிக்கட்டும். லீவர் அசைந்து கை அசையாவிட்டால், இணைப்புக் கம்பியின் ஊசி கழன்றிருக்கும், கம்பி வளைந்திருக்கும், அல்லது சேறு காய்ந்து இறுகியிருக்கும். கம்பியைக் கழற்றிவிட்டுக் கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். அது இரண்டு நிலைக்கும் தடையின்றிப் போனால் பெட்டி நன்றாகவே இருக்கிறது. கம்பியைச் சரிசெய்தால் போதும்.

சுவிட்சு மூலம் போடும் டிராக்டராக இருந்தால் முதலில் பியூசையும் வயர் இணைப்புகளையும் பாருங்கள்.

ஜாக்கிச் சோதனை

லீவர் விழுந்தும் இழுக்காவிட்டால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கல் கொடுங்கள். ஷாஃப்டின் மேல் உள்ள மூடியைக் கழற்றி, ஷாஃப்டின் இரு முனைகளிலும் சாக்பீசால் கோடு போடுங்கள். பிறகு லீவரைப் போட்டுவிட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே பல் கோத்துக்கொள்வதும் உண்டு.

1. சக்கரம் சிறிது ஆடி நின்றுவிட்டால் விசை இணைந்திருக்கிறது. வயலில் வேலை செய்யும்போது லீவர் தானாகக் கழன்று வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் பல் தேய்ந்திருக்கலாம். லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கு தளர்ந்திருக்கலாம். முன் டயரின் கட்டைகள் தேய்ந்திருந்தாலும் சேற்றில் இழுக்காது.

2. சக்கரமும் முழு ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் கோளாறு லீவர் இணைப்பிலோ டிராப் பாக்சிலோ இருக்கிறது.

3. ஷாஃப்டின் முன் முனை சுற்றிப் பின் முனை நின்றால் இடையிலுள்ள இணைப்பு தேய்ந்தோ கழன்றோ போயிருக்கிறது.

4. சக்கரம் தாராளமாகச் சுற்றி, ஷாஃப்ட் அசையாமல் நின்றால் முன் அச்சுக்குள் ஏதோ ஒடிந்திருக்கிறது. ஒரு பக்கத்து உள் அச்சு ஒடிந்தாலும் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கமே வீணாகச் சுற்றும். இரு சக்கரங்களும் இழுக்காது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சக்கரம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஓட்டிச் சோதிக்கவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரங்கள் பிடித்து இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். உயிருக்கே ஆபத்து.

ஏன் ஒடிகிறது?

முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாக உருளும்படியே கியர்களை அமைத்திருக்கிறார்கள். இந்த முந்துதல் பொதுவாக 1 முதல் 5 சதவிகிதம் வரை இருக்கும். சேற்றில் டயர் வழுக்குவதால் இந்த வித்தியாசம் தெரியாது. தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் பற்களிலும் ஏறுகிறது. லீவரைப் போட்டபடியே சாலையில் ஓட்டக் கூடாது என்பது இதனால்தான். முறுக்கம் ஏறிய நிலையில் லீவர் வெளியேயும் வராது. அப்போது தட்டாதீர்கள். சில அடி நேராகப் பின்னால் நகர்த்தினால் முறுக்கம் தளர்ந்து லீவர் வந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு அளவு டயர் போட்டாலும், பின் டயரைக் கழற்றி வேறு விட்டமுள்ள இரும்புச் சக்கரம் மாட்டினாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும். இதை நீங்களே அளந்து பார்க்கலாம். டயர்களில் சரியான காற்று வைத்து, கெட்டியான மண் தரையில் நேராக, மெதுவாக ஓட்டுங்கள். லீவர் போடாமல் பின் சக்கரம் 10 சுற்று சுற்றுவதற்குள் முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். லீவரைப் போட்டு மறுபடியும் எண்ணுங்கள். முதலில் 15, பிறகு 15½ என்றால் அரைச் சுற்று அதிகம். அதாவது சுமார் 3 சதவிகிதம். இது சரியான அளவு. லீவர் போட்ட பிறகு சுற்று குறைந்தால் முன் சக்கரம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது என்று பொருள். அந்த டயர்களுடன் முன் இயக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

சேற்றுழவு முடிந்ததும் முன் சக்கரக் குடத்தைச் சுற்றியுள்ள வைக்கோலையும் நைலான் கயிற்றையும் அறுத்து எடுங்கள். அவை சீலை அறுத்துவிடும். தண்ணீர் உள்ளே போகும். முன் அச்சு எண்ணெய் கஞ்சிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறிந்து, சீலையும் எண்ணெயையும் உடனே மாற்றுங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் தேடினால் மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், உதிரிப் பாகமும் கிடைக்காது. ஆகவே பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பட்டறைக்குப் போக வேண்டி வந்தாலும், வண்டி ஓடவில்லை என்று மட்டும் சொல்லாமல், சக்கரம் சுற்றுகிறது, ஷாஃப்ட் சுற்றவில்லை என்று சொல்லுங்கள். நல்ல பெட்டியைப் பிரிக்கும் கூலி உங்களுக்கு மிச்சமாகும்.