பழைய ஜெனரேட்டர் அறையில் மரப்பட்டறை: ஒரே மிஷின் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் இருந்த அறை காலியாகக் கிடக்கிறது. 10 அடிக்கு 12 அடி. அதை மரவேலைக்கு விடலாம், அறுக்க, இழைக்க, துளை போட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மிஷினாக வாங்கிவிட்டால் இடம் மிச்சம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் பிரஸ்ஸில் 30 வருஷம் மிஷின் பராமரிப்புப் பார்த்தவன், கொஞ்சம் மரவேலையும் செய்கிறவன் என்பதால் இதைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

சேர்த்துக் கட்டின மிஷின் புது யோசனை இல்லை. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் ‘ஷாப்ஸ்மித்’ என்று ஒன்று கொண்டுவந்தார். ஒரே மோட்டார். அதிலேயே ரம்பம், கடைசல், டிரில் எல்லாம். வீட்டு கராஜின் ஒரு மூலையில் அடங்கிவிடும். நம் நாட்டில் கிடைப்பது வேறு மாதிரி. இழைப்பு மிஷினின் ஷாஃப்டை இரண்டு பக்கமும் நீட்டி, ஒரு முனையில் வட்ட ரம்பம், மறுமுனையில் டிரில் சக் மாட்டியிருப்பார்கள். விலை குறைவு. நிறையப் பட்டறைகளில் இதுதான் ஓடுகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் இழைத்துக்கொண்டிருக்கும்போது மறுமுனையில் சக்கும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பல வருஷத்துக்கு முன்னால், தெரிந்தவர் பட்டறையில் ஒரு வேப்பம்பலகையை இழைத்தேன். தோளில் துண்டு. குனிந்தபோது துண்டின் நுனி சக்கில் சிக்கிக்கொண்டது. கழுத்தைச் சுற்றிப் போடாமல் தோளில் சும்மா கிடந்ததால் துண்டோடு போயிற்று. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது கத்தியை மட்டும்தான், சக் என் நினைப்பிலேயே இல்லை. 10 அங்குல ரம்பம் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பயன்படுத்தாத முனையைக் கழற்றி வைக்கவோ, இரும்புக் கூண்டு போட்டு மூடவோ முடியாத மிஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகத்தான் இருப்பேன்.

அடுத்தது, மாற்றுகிற நேரம். இதை விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சிங்கிள் கலர் ஆப்செட் மிஷினில் நாலு கலர் காலண்டர் அடிக்கிறவர் என்ன செய்கிறார்? ஒரு தாளை எடுத்து நாலு கலரையும் முடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவதில்லை. எல்லாத் தாளிலும் ஒரு கலர் ஓட்டி முடித்து, மிஷினைக் கழுவி, பிளேட் மாற்றி, பிறகு அடுத்த கலர். சேர்த்துக் கட்டின மர மிஷினும் அப்படித்தான். முதலில் எல்லாத் துண்டையும் அறுத்துவிட வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் இழைக்க வேண்டும். அப்புறம் துளை. நடுவில் “ஐயோ, ஒரு கால் குறைகிறதே” என்று ரம்பத்துக்குத் திரும்பினால், கைடை மறுபடி அதே அளவுக்கு நிறுத்துவது பாடு. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் ஸ்டூல் ஆடும். பிரஸ்ஸில் வேஸ்டேஜுக்கு என்று கூடுதல் தாள் போடுவது போல, ஒவ்வொரு அளவிலும் ஒரு துண்டு கூடுதலாக அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்படித் திட்டம் போட்டு வேலை செய்கிறவருக்கு ஒரே மிஷின் போதும். வந்தோம், ஒரு பலகையை நறுக்கினோம், போனோம் என்கிறவர்களுக்கு அது எரிச்சல்தான் தரும்.

மிஷினைச் சுருக்கலாம், பலகையைச் சுருக்க முடியாது. இதை யாரும் யோசிப்பதில்லை. கதவு நிலைக்கான 7 அடிச் சட்டத்தை இழைக்க, மிஷினுக்கு முன்னால் 7 அடி, பின்னால் 7 அடி காலியாக வேண்டும். மிஷினையும் சேர்த்தால் 17 அடிக்குக் குறையாது. நம் அறை 12 அடி. ஒரு வழி இருக்கிறது. மிஷினை வாசலுக்கு நேராக நிறுத்தினால் பலகையின் வால் வராந்தாவில் நீட்டிக்கொள்ளும். ஆனால் அந்த நேரம் குழந்தைகள் சைக்கிளில் அந்தப் பக்கம் வரக்கூடாது. ரம்பத்துக்கு நேர் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது. பலகை இறுகினால் ரம்பம் அதை அறுக்கிறவர் பக்கமே உதைத்துத் தள்ளும்.

அதனால் என் யோசனை இது. ரம்ப மேஜை தனி, பிரேக் வைத்த சக்கரத்தில். அதன் பக்கப் பலகைக்கு அடியிலேயே ரவுட்டரைத் தொங்கவிடலாம். இரண்டுக்கும் கைடு ஒன்றே, அதனால் இந்தச் சேர்க்கை நன்றாக ஒத்துப்போகும். சின்ன இழைப்பு மிஷினையும் டிரில் மிஷினையும் புரட்டிப்போடும் ஸ்டாண்டில் வைக்கலாம். நடுவில் இரும்புத் தண்டு, மேலே ஒன்று, கீழே தலைகீழாக ஒன்று, இரண்டு பக்கமும் பூட்டு. வேலை செய்யும் மேஜையும் ரம்ப மேஜையும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒன்று மற்றதற்குத் தாங்கல்.

சேர்க்கவே கூடாத ஒன்றும் உண்டு. உளி தீட்டுகிற எமரிக்கல். அதையும் அதே ஷாஃப்டில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எமரியில் பொறி பறக்கும், பக்கத்தில் மரத்தூள் குவிந்து கிடக்கும். மூடின அறையில் மெல்லிய தூள் காற்றில் மிதந்தால் பற்றுவது மட்டுமில்லை, வெடிக்கவும் செய்யும். மணிமருந்தைக் கையாளுகிற வீடுகள் நம்மில் எத்தனை! எமரி மொட்டைமாடிக்குப் போகட்டும். தூளைச் சாக்கில் கட்டி அறைக்குள் வைக்காமல் அன்றன்றைக்கே வெளியேற்ற வேண்டும்.

கரண்ட் விஷயம் சுருக்கம். ஒரு நேரத்தில் ஒரு மிஷின் மட்டும் ஓடினால் 15 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் சாதா சுவிட்ச் கூடாது. கரண்ட் போய் வந்ததும் மிஷின் தானாக ஓடக்கூடாது. கிணற்று மோட்டாருக்கு வைக்கிறோமே, பச்சைப் பொத்தான் சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டர், அது வேண்டும்.

சத்தம் பற்றி இரண்டாவது மாடி அக்கா கேட்டார்கள். நியாயம்தான். இழைப்பு மிஷின் கத்தும், மறைக்க முடியாது. காலை 10 முதல் 12 வரை, பரீட்சை மாதங்களில் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் சம்மதமில்லை என்றால் இழைப்பதை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்வோம். மற்ற வேலைக்கு அறை தாராளம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு அறையை அளக்கிறோம். டேப் என்னிடம் இருக்கிறது. 7 அடிச் சட்டம் ஒன்று யாரிடமாவது இருந்தால் எடுத்துவாருங்கள், வாசலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிடலாம்.