திருவிளக்கைக் காப்பதும் வழிபாடே



திருமறைக்காட்டுத் திருக்கோயிலில் நெய்யுண்ண வந்த எலியொன்று, விளக்கின் திரியைத் தன்னையறியாமல் தூண்டிற்று. அப்புண்ணியத்தால் அது மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது அப்பரடிகள் பாடியருளிய செய்தி. நம் இல்லத்து எலியோ எரியும் திரியை இழுத்துச் சென்று திரைச்சீலையில் தீ மூட்டிவிடும். ஆகவே, ஆளில்லா வீட்டில் சுடர் எரியலாகாது.

"விளக்கை அணைப்பது அமங்கலமாயிற்றே" எனத் தயங்கி, எரியவிட்டே வெளியே செல்லும் தாய்மார்கள் உளர். நம் முன்னோர் இதற்கும் வழி வகுத்தனர். வாயால் ஊதாமல், தூண்டுகோலால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமிழ்த்துதலைக் 'குளிரச் செய்தல்' என்றனர். உறங்குமுன்னும் புறப்படுமுன்னும் அவ்வாறே செய்யுங்கள், குறையொன்றுமில்லை.

குத்துவிளக்கைத் தாம்பாளத்தின் நடுவே அசையாதபடி வையுங்கள். காகிதப் படமும் கற்பூரமும் எட்ட இருக்கட்டும். நைலான் புடவை தீயில் உருகி உடலில் ஒட்டும். பருத்தியாடை உடுத்து, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். எண்ணெயில் தீப்பற்றினால் நீர் ஊற்றாதீர்கள், தட்டினால் மூடுங்கள். ஆடையில் பற்றினால் ஓடாமல் தரையில் படுத்துப் புரளுங்கள். சுட்ட புண்ணில் மையோ மாவோ பூசாமல், 20 நிமிடம் குழாய்நீர் விட்டு, மருத்துவரிடம் செல்லுங்கள்.

கார்த்திகை அகல்களுக்கும் இதுவே முறை. விளக்கேற்றுதல் பாதி வழிபாடு. அது குளிருமட்டும் உடனிருந்து காத்தல் மறுபாதி. அருட்பெருஞ்சுடராகிய இறைவன் உங்கள் இல்லங்களைக் காத்தருள்வானாக!

திருச்சிற்றம்பலம்.