நெய்தல் மணலும் அடும்பங்கொடியும்



கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பதை இந்த அவை நன்கறியும். அத்திணைப் பாடல்களில் பூக்கும் புன்னை, ஞாழல், தாழை, அடும்பு ஆகிய நான்கும் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள்ளும் இடம் பெற்றவை. பாட்டில் நிலைத்த அவை மணலிலும் நிலைக்குமா என்பதே இவ்வுரையின் பொருள்.

அடும்பின் பிளவுபட்ட இலையைக் குறுந்தொகைப் புலவர் மானின் அடிக்கு ஒப்பிட்டார். தாவரவியலார் சூட்டிய இலத்தீன் பெயரோ ஆட்டின் அடியைச் சுட்டுகிறது. நாடும் காலமும் வேறாயினும் கண்ட காட்சி ஒன்றே. அலை தொடும் எல்லைக்குச் சற்று மேலே முதலில் படர்வது இக்கொடி. காற்று மணலைக் கொட்டி மூடினால் கணுதோறும் வேர்விட்டு மேலெழும். அதன் விதை கடல்நீரில் மிதந்து சென்று வேற்றுக் கரையிலும் முளைக்கும். அதனோடு இராவணன் மீசை என்னும் முட்புல்லும் நிற்கும். அதன் உருண்டையான கதிர் காற்றில் உருண்டோடி விதை தூவும். இவ்விரண்டும் பற்றி நிறுத்தும் மணலே மேடாகிறது. மேட்டின் மறைவில்தான் தாழையும் புன்னையும் உப்புக் காற்றின் கடுமைக்குத் தப்பி வளர்கின்றன. மழைநீரும் மேட்டின் அடியில் தங்கிக் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறாமல் காக்கிறது.

இவ்வொழுங்கு இப்போது குலைகிறது. 1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அவ்வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் ஆயிற்று. வெப்பமேறிய நீர் விரிவதும் நிலத்துப் பனி உருகுவதும் இதற்குக் காரணங்கள். அளவு சிறிதெனத் தோன்றலாம். ஆனால், உயர்ந்த மட்டத்தின்மேல் புயல் அலை எழும்போது அது மேட்டின் அடியையே அரிக்கிறது.

புயல் நெய்தலுக்குப் புதிதன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா போன்றவை முன்னும் வந்துள்ளன. தனியொரு புயலை வெப்பமாதலின்மேல் ஏற்றிக் கூறுதல் தகாது. எனினும் சூடான கடல் புயலின் வலிமையைப் பெருக்கும் என்பது அறிவியலார் துணிபு. அறுந்த கொடி மீண்டும் தழைத்து மணலைச் சேர்க்கச் சில பருவங்கள் வேண்டும். அதற்குள் அடுத்த அடி விழுந்தால் மேடு எழாது.

கடல் ஏறினால் கொடியும் புல்லும் நிலத்தை நோக்கிப் பின்வாங்கும் இயல்புடையவை. அவை பின்வாங்க இன்று இடமில்லை. ஒருபுறம் அலை; மறுபுறம் சாலை, மதில், விடுதி, நெருக்கி நட்ட சவுக்கு. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மணல்மேடுகளை உயர்காப்புக்குரிய பகுதியில் சேர்த்துள்ளன. ஆயினும் செடி படர்ந்த மேட்டை வெறும் மணற்குவியலாகக் காண்போர் பலர்.

ஞாழல் எம்மரம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொல் ஓலையில் தங்கியது. மரத்தைச் சுட்டிக்காட்டும் வழக்கு அறுந்தது. அடும்புக்கு அந்நிலை வரலாகாது. அக்கொடி இன்றும் கண்முன் பூக்கிறது. கடற்கரைச் சிற்றூர்களில் அதன் பெயர் இன்றும் வழங்குகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் கரைக்குச் செல்லும்போது அலையோடு நின்றுவிடாமல் காலடி மணலையும் காண வேண்டும். மேட்டை நிரவ முனைவோர் வரும் ஊர்களில், அங்கே வாழும் செடியின் பெயரைச் சொல்லி வினவவும் வேண்டும். பெயர் தெரிந்த ஒன்றை அழிப்பது பெயரற்ற புதரை அழிப்பது போல் எளிதன்று.