உழவாரப் படையும் உழவு வண்டியும்

(ஆயுத பூசை நாளன்று ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை முதல் நம் ஆலய வாசலில் வாகனங்கள் வரிசை பிடித்து நிற்கக் கண்டேன். டாக்சி, வேன், லாரி, சொந்தக் கார் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பார்க்கவே மனம் நிறைந்தது. ஆனால் நான் இன்று பேச வந்தது இந்த வரிசையில் நிற்காத ஒரு வண்டியைப் பற்றி. கடல் கடந்து, மன்னார்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில், கீற்றுக் கொட்டகைக்குள் நிற்கும் ஒரு பழைய டிராக்டர் அது. 'ஆலயத்தில் டிராக்டருக்கு என்ன வேலை?' என்று நீங்கள் நினைக்கலாம். சற்றே பொறுத்தருள வேண்டும்.

நான் குடியிருப்பது பாசிர் ரிஸ்ஸில். 1989ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே பெருவிரைவு ரயில் நிலையம் திறந்தார்கள். அடுத்த ஆண்டே நாங்கள் குடிபுகுந்தோம். அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன்பு கம்பங்களும் பண்ணைகளுமாக இருந்த இடம் அது. இன்று கடற்கரையில் நின்று பார்த்தால் நீரில் மிதக்கும் மீன் பண்ணைகள் தெரியும்; ஆனால் உழுத மண்ணைப் பார்க்க முடியாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் இன்று விவசாயம் நடக்கிறது.

அதனால் வகுப்பில் உழவைப் பற்றிப் பாடம் வரும்போதெல்லாம் எனக்குத் திண்டாட்டம்தான். ஒருமுறை ஒரு சிறுவன் எழுந்து, "சார், வயல் நடுவில் டிராக்டர் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "யாரையும் கூப்பிட முடியாது தம்பி. நின்று போகாமல் பார்த்துக்கொள்வதுதான் விவசாயியின் வேலை" என்றேன். அன்று அந்தப் பதிலைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதன் பொருளை நான் கற்றுக்கொண்டது பிறகுதான்.

எங்கள் குடும்பத்துக்கு அந்த ஊரில் பன்னிரண்டு மா நிலம் உண்டு. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். ஆக நான்கு ஏக்கர். என் தகப்பனார் சிங்கப்பூருக்கு வந்துவிட்டதால் சித்தப்பாதான் பயிர் செய்தார். அவருக்குப் பின் அவர் மகன், என் தம்பி, செய்து வருகிறான். 1993இல் எங்கள் இருவர் பணத்தையும் போட்டுப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினோம். மாஸி பெர்குசன் 1035. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. அதில் இருப்பது சிம்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சின். நான்கு ஏக்கருக்கு ஒரு டிராக்டர் கட்டுப்படியாகாது. எனவே சொந்த உழவு போக ஊராருக்கு வாடகை உழவும் ஓட்டுவான். அந்த வருமானத்தில்தான் வீடும் நடந்தது, வண்டியும் நடந்தது.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஜூன் மாதம் விடுமுறை. மேட்டூர் அணையில் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளும் ஜூன் 12. ஆகவே நான் ஊருக்குப் போகும் சமயமும் குறுவைக்கு உழும் சமயமும் ஒன்றாகவே அமைந்தன. விடியற்காலை நான்கரை மணிக்குத் தம்பி கொட்டகைக்குப் போவான். நான் காப்பி டம்ளரோடு பின்னால் போய் உட்காருவேன்.

முதலில் எஞ்சின் எண்ணெய். அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பான். அடுத்து ரேடியேட்டரில் தண்ணீர், பேட்டரி, விசிறி பெல்ட்டின் இறுக்கம். பிறகு காற்று வடிகட்டி. அந்தக் காலத்து டிராக்டர்களில் இது ஓர் எண்ணெய்க் கிண்ணம். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று இந்த எண்ணெயைத் தொட்டுக்கொண்டு போகும். தூசி எண்ணெயிலேயே தங்கிவிடும். கோடை உழவில் புழுதி பறக்கும்போது கிண்ணத்து எண்ணெய் இரண்டொரு நாளிலேயே சேறாகிவிடும். அதைக் கொட்டி, டீசலில் கழுவி, கோடு வரை புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். குறைந்தால் புழுதி எஞ்சினுக்குள் போய் உப்புத்தாள் போலத் தேய்க்கும். கூடினால் எண்ணெயையே எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். கோயில் விளக்கில் எண்ணெய் ஊற்றுகிற அதே கவனம் அதற்கும் வேண்டும்.

மாலையில் வேலை முடிந்ததும் இன்னொரு சுற்று. தொழி உழவுக்கு மாட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரத்தைக் கழுவுவான். முன் சக்கர அச்சில் சேறு புகாதபடி கிரீஸ் அடிப்பான். டீசல் தொட்டியை அன்றே நிரப்பி வைப்பான். தொட்டி காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் துளிர்க்கும் என்பது அவன் கணக்கு. டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்துவிட்டால், திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இவை அனைத்துக்கும் அவன் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. ஆனால் ஒரு நாளும் தவற விட்டதில்லை.

தவற வைத்தவன் நான்.

2011ஆம் ஆண்டு என் தகப்பனாரின் நினைவாக வண்டிக்குப் புதுச் சாயம் பூச வேண்டும், அவர் பெயரைப் பொறித்த பலகை ஒன்றை முன்னால் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பணம் அனுப்பினேன். தொலைபேசியில் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணே, வண்டி நீலமாப் புகை தள்ளுது. எண்ணெய் குடிக்குது. தினம் ஊத்தித்தான் ஓட்டுறேன். ஒரு தடவை எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்துட்டா..." நான் அவனை முடிக்க விடவில்லை. "அதை அப்புறம் பார்க்கலாம்டா. நான் வரும்போது வண்டி பளபளன்னு இருக்கணும்" என்றேன். அண்ணன் சொல்லைத் தட்டாதவன் அவன். சாயத்துக்கு வந்த பணம் சாயத்துக்கே போயிற்று.

அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கத்துக்கு ஆறு நாள் முன்னதாக ஜூன் 6ஆம் தேதியே திறந்தார்கள். ஊரெல்லாம் ஒரே உற்சாகம். பக்கத்து வயல்காரரின் போர்த் தண்ணீரைக் கேட்டு வாங்கி, தம்பி முன்கூட்டியே நாற்று விட்டிருந்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தொழி உழவுக்கு நாள் பார்த்தோம். புதுச் சாயம், பெயர்ப் பலகை, மாலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் தயார். தம்பி எண்ணெய்க் கம்பியை எடுக்கப் போனான். "ராகு காலம் வரப் போகிறது, முதலில் வண்டியை எடு!" என்று நான் அதட்டினேன். அவன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான்.

பகல் பதினொரு மணிக்கு வயல் நடுவில் எஞ்சின் ஒரு முறை அலறிவிட்டு நின்றது. எண்ணெய் வற்றி உள்ளே இறுகிப்போய்விட்டது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளோ வெகு நாளாகவே வேலை செய்யவில்லை. அதுவும் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலில் இருந்ததுதான். வண்டியின் மேல் குற்றமில்லை. வாங்கிய நாளிலிருந்து அது கேட்டதெல்லாம் எண்ணெய் மட்டுமே.

எல்லோர் வயலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர். வாடகைக்கு வண்டி கிடைக்கவில்லை. எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனும் லைனரும் மாற்றி முடிவதற்குள் நாற்று முற்றிப்போனது. மறுபடி நாற்று விட்டு, தாமதமாக நட்டு, அறுவடைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. இதை நான் இங்கே பாசிர் ரிஸ் வீட்டில் உட்கார்ந்து, சித்தி சொல்லித்தான் கேட்டேன். தம்பி என்னிடம் சொல்லவே இல்லை. அதைவிடக் கொடுமை, அடுத்த எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவே இல்லை. கைக்கு வந்த ஒரு நல்ல குறுவையை என் பெயர்ப் பலகை கொண்டுபோய்விட்டது.

மெய்யன்பர்களே, இனி ஆலயத்துக்கு வருகிறேன்.

திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் என்ன இருக்கிறது? வாள் இல்லை, வேல் இல்லை. புல் செதுக்கும் உழவாரம். அதைத்தான் நம் முன்னோர் 'உழவாரப் படை' என்று அழைத்தார்கள். படை என்றால் ஆயுதம். ஆயுத பூசை கொண்டாடும் நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பர் பெருமான் சென்ற தலங்களிலெல்லாம் புல்லும் முள்ளும் செதுக்கினார். அவரைச் சைவத்துக்கு மீட்டெடுத்த தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் செய்ததும் கோயிலை அலகிடுவதும் மெழுகுவதுமான பணிதான்.

திருப்புகலூரில் நடந்ததைப் பெரியபுராணம் கூறும். உழவாரம் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடக்கும்படி இறைவன் செய்தான். அப்பர் அவற்றைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார். செய்ய வேண்டிய பணிக்கு இடைஞ்சலாகக் கிடப்பது பொன்னாக இருந்தால்தான் என்ன?

அறுபத்து மூவரில் விளக்குக்கு எண்ணெயும் நெய்யும் தேடியே அடியவரானவர்கள் எத்தனை பேர்! திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்த கலிய நாயனார், திருவாரூரில் விளக்கேற்றிய நமிநந்தியடிகள், புல் அரிந்து விற்று நெய் வாங்கிய கணம்புல்லர். விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டதே இவர்களுடைய பெருந்தொண்டு.

நமது ஆலயத்தின் நிலை என்ன? இந்த ஊரில் மழை ஆண்டு முழுவதும் பெய்கிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களில் பாசி படிகிறது. பறவை போட்ட விதையில் அரசும் ஆலும் முளைக்கின்றன. இரண்டு இலை விட்டபோது பிடுங்கினால் இரண்டு விரல் போதும். ஐந்து ஆண்டு விட்டுவிட்டால் சுவரையே உடைக்க வேண்டும். மேல்தளத்துக் கசிவு, மடைப்பள்ளிப் புகைபோக்கி, மின்கம்பிகள், தண்ணீர்ப் பம்பு, வடிகால் என்று ஒவ்வொன்றும் தினமும் கண்ணால் பார்க்க வேண்டியவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்கிறோம். இரண்டு குடமுழுக்குகளுக்கு நடுவே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்கள் இருக்கின்றன. அந்த நாள்கள்தாம் ஆலயத்தைக் காக்கின்றன.

குழுக் கூட்டங்களில் நான் கண்டதைச் சொல்கிறேன். வெள்ளிக் கவசத்துக்கும் புது வாகனத்துக்கும் கேட்டால் மனமுவந்து கொடுக்கிறீர்கள். அந்தப் பக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் குழாய் மாற்ற வேண்டும் என்றால் கொஞ்சம் யோசிக்கிறோம். குழாயில் பெயர் பொறிக்க முடியாதல்லவா? இதில் யாரையும் நான் குறை கூறவில்லை. டிராக்டரில் பெயர்ப் பலகை மாட்டியவன் நான். குறை கூற எனக்குத் தகுதி இல்லை.

என் வேண்டுகோள் இரண்டே. ஒன்று, நீங்கள் தரும் காணிக்கையில் ஒரு பகுதியையாவது 'பராமரிப்புக்கு' என்று எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, ஆலய ஊழியர் ஒருவர் தயங்கித் தயங்கி ஏதாவது குறை சொன்னால், குழுவினராகிய நாங்களும் அன்பர்களாகிய நீங்களும் அவரை முடிக்க விடுவோம். புகை வருகிறது என்று முதலில் அறிபவர் வண்டி ஓட்டுபவர்தான்.

கடைசியாக ஒன்று. 2020ஆம் ஆண்டு, கொவிட் கிருமித்தொற்றால் யாரும் எங்கும் போக முடியாத காலம். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதியே திறந்தது. நாற்று தயாராகி உழவு தொடங்கிய நாள் காலை என் கைத்தொலைபேசியில் தம்பி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். போட்டுக் கேட்டேன். முதலில் பேச்சே இல்லை. செல்ஃப் சுற்றும் ஓசை. இரண்டு முறை இருமல். பிறகு அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினின் சீரான சத்தம். பலகணியில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். சத்தத்தின் நடுவே தம்பியின் குரல் வந்தது:

"அண்ணே, எண்ணெய் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்."

ஒன்பது ஆண்டுகளாக அவன் அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. அன்றும் அவ்வளவுதான் பேசினான். என் கண்கள் நனைந்தன.

உழவாரம் ஏந்திய அப்பர் பெருமானின் திருவடிகளை வணங்குவோம். இன்று பூசையில் வைத்த ஆயுதங்களை நாளை காலை எடுக்கும்போது, ஒருமுறை துடைத்து, எண்ணெய் பார்த்துவிட்டு எடுப்போம். இறைவன் நம் அனைவருக்கும் அருள்பாலிப்பானாக.